மேசை ஸ்பீக்கருக்கு 2 லிட்டர் போதும்

கணினி மேசையில் வைத்துக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் கட்டலாம் என்று கிளம்புபவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்றுதான். மைக் செட் போடுபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆடித் திருவிழாவில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் தெருக் கூட்டத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வாட் வேண்டும். காதுக்கு 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு வேண்டாம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண 3 அங்குல டிரைவர் (பெட்டியில் பொருத்தும், கோன் என்னும் கூம்பு அதிர்ந்து ஓசை தரும் பாகம்), 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் தரும். 70 செ.மீ.க்கு நெருங்கினால் 3 டெசிபெல் கூடும், இரண்டு பெட்டி சேர்ந்தால் இன்னொரு 3. ஆக 91. வீட்டில் நிதானமாகக் கேட்கும் அளவு 75 முதல் 80 டெசிபெல். 78 என்று வைத்தால் சராசரியாகச் செலவாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு. தவில் அடி மாதிரி திடீரென்று எகிறும் இடங்களுக்கு 15 டெசிபெல் கூடுதலாக ஒதுக்கினாலும் 2 வாட்டைத் தொடாது. பின்னால் சொல்லப்போகும் திருத்தச் சுற்று விழுங்குவதையும் சேர்த்தால் 4 வாட். 10 வாட் ஆம்ப்ளிஃபயர் இதற்குத் தாராளம்.

அதனால் காசை டிரைவரில் போடுங்கள், நேரத்தைப் பெட்டியில் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் கடைசி.

டிரைவர்

இந்தத் தூரத்துக்கு தாழ்சுரம், உயர்சுரம் எல்லாவற்றையும் தானே தரும் ஒரே ஒரு ஃபுல்-ரேஞ்ச் டிரைவர் போதும் என்பது என் கட்சி. தாழ்சுரத்துக்கு வூஃபர், உயர்சுரத்துக்கு ட்வீட்டர் என்று இரண்டு போட்டால், இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து பேசுவதாகக் காது ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் தூரம் வேண்டும். 70 செ.மீ.யில் தலையைச் சற்றுத் தூக்கினாலே இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓசை கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் ஓசை குழிவிழும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 'டூ-வே' கிராஸ்ஓவர் போர்டுகள் வேறு எந்த டிரைவருக்கும் பொருந்தாத பொதுச் சரக்கு. அளந்து வடிவமைக்கத் தெரிந்தவருக்கு டூ-வே நல்லதுதான். முதல் ஜோடிக்கு அது வேண்டாத வேலை.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வாட்டைப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டியவை மூன்று: எஃப்.எஸ். (டிரைவர் தானாக அதிரும் அலைவெண்), கியூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கப்பட்டிருக்கிறது), வி.ஏ.எஸ். (கோனின் விறைப்புக்கு ஈடான காற்றின் கொள்ளளவு). இவற்றை வைத்துப் பெட்டியைக் கணக்கிடும் முறையை 1961இல் நெவில் தீல் எழுத, 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தார். இருவரும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் இம்மூன்றையும் தகவல் தாளில் தருவார்கள். தகவல் தாளே இல்லாத டிரைவர் என்றால், அளந்து பார்க்காமல் மரத்தை வெட்டாதீர்கள்.

மூடிய பெட்டிக்கு கியூ.டி.எஸ். 0.45 முதல் 0.6 வரை இருந்தால் வசதி. கார் கதவில் பொருத்தும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இது 0.7ஐத் தாண்டும். கதவு என்னும் பெரிய குகைக்காகச் செய்தவை அவை. 2 லிட்டர் பெட்டிக்குள் போனால் 'பூம் பூம்' என்று ஒரே சுரத்தில் முனகும். பழைய டிவியிலிருந்து கழற்றிய நீள்வட்ட ஸ்பீக்கர்களுக்கும் இதே கதிதான். கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் நம் வெயிலிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பொடியாக உதிரும்.

கியூ.டி.எஸ். அளப்பது

தேவையானவை ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர், கணினியில் இலவச டோன் ஜெனரேட்டர் (கேட்ட அலைவெண்ணில் ஓசை தரும் மென்பொருள்). மீட்டரில் கவனம். மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏ.சி. அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அது இதற்கு உதவாது. மில்லி வோல்ட் காட்டும் ஏ.சி. ரேஞ்ச் வேண்டும். 400 ஹெர்ட்ஸுக்கு மேல் அவற்றின் கணிப்பை நம்ப வேண்டாம். நமக்கு வேண்டியது 200க்குக் கீழேதான் என்பதால் பரவாயில்லை.

ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரும் கம்பியில் 1 கிலோ ஓமைத் தொடராகப் போட்டு, டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் 10 ஓம் ரெசிஸ்டரை வையுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லி வோல்ட் வரும்வரை ஒலியளவைக் கூட்டுங்கள். இப்போது ஓடுவது 1 மில்லி ஆம்பியர். இனி மீட்டரில் தெரியும் மில்லி வோல்ட் எண்ணே ஓம் எண். லேப்டாப்பில் அவ்வளவு வோல்ட் வரவில்லை என்றால் 5 மில்லி வோல்ட்டில் நிறுத்தி, பிறகு வரும் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

10 ஓமை எடுத்துவிட்டு டிரைவரை இணையுங்கள். மேசைமேல் குப்புறப் போடாமல், வைஸில் காந்தத்தைப் பிடித்து நிமிர்த்தி வைக்க வேண்டும். முன்னாலோ பின்னாலோ அடைப்பு இருந்தால் எண் பொய்க்கும். அலைவெண்ணை மெல்ல மாற்றி, மீட்டர் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் எஃப்.எஸ். 90 ஹெர்ட்ஸில் 36 ஓம் என்று வைப்போம். அந்த டிரைவரின் டி.சி. தடை (மீட்டரின் ஓம் ரேஞ்சில் காட்டுவது) 7.2 ஓம். 36ஐ 7.2ஆல் வகுத்தால் 5. அதன் வர்க்கமூலம் 2.24. இப்போது 7.2 × 2.24 = 16.1 ஓம் காட்டும் இரண்டு அலைவெண்களை உச்சத்தின் இரு பக்கமும் தேடுங்கள். 60, 135 என்று கிடைத்தால், 60 × 135 = 8,100, அதாவது 90இன் வர்க்கம். இந்தப் பெருக்கல் ஒத்துவராவிட்டால் அளவில் எங்கோ பிசகு, திரும்ப அளக்க வேண்டும்.

இயந்திரக் கியூ = 90 × 2.24 ÷ (135 − 60) = 2.68. மின் கியூ = 2.68 ÷ (5 − 1) = 0.67. இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுத்தால் கியூ.டி.எஸ். 0.54. புது டிரைவரென்றால் அளப்பதற்கு முன் 25 ஹெர்ட்ஸில் சில மணி நேரம் மெதுவாக ஓடவிடுங்கள். விறைப்புத் தளர்ந்து எஃப்.எஸ். சற்று இறங்கும்.

வி.ஏ.எஸ். தெரிய, கொள்ளளவு தெரிந்த மூடிய பெட்டி ஒன்றில் டிரைவரைப் பொருத்தி உச்ச அலைவெண்ணை மறுபடி பாருங்கள். 1.95 லிட்டர் பெட்டியில் அது 120க்கு ஏறியது என்றால், 120 ÷ 90 = 1.33, அதன் வர்க்கம் 1.78, ஒன்றைக் கழித்தால் 0.78, 1.95ஆல் பெருக்கினால் 1.5 லிட்டர். ஆய்வகத் துல்லியம் இல்லை, பெட்டி செய்யப் போதும்.

பெட்டி

மூடிய பெட்டியில் டிரைவரின் கியூவும் அலைவெண்ணும் ஒரே விகிதத்தில் ஏறும். வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அந்த விகிதம். மேலே உள்ள டிரைவருக்கு 1.33. எனவே பெட்டிக்குள் கியூ 0.54 × 1.33 = 0.72, அலைவெண் 120 ஹெர்ட்ஸ். 0.7 என்பது மேடும் பள்ளமும் இல்லாத மட்டமான இறக்கம். 1ஐ நெருங்கினால் தாழ்சுரம் புடைக்கும். 0.5க்கு அருகில் என்றால் இறுக்கமாக இருக்கும், ஆனால் வற்றியது போல் தோன்றும்.

உள்ளளவு 10 × 16 × 13 செ.மீ. 2.08 லிட்டர் வரும். டிரைவரின் பின்பகுதியும் திருத்தச் சுற்றின் காயிலும் பிடிக்கும் இடம் போக 1.95. மூன்று அளவும் வெவ்வேறாக, ஒன்றுக்கொன்று மடங்காக இல்லாமல் இருப்பது உள்ளே நிற்கும் அலைகள் ஒரே இடத்தில் குவியாமல் தடுக்கும். கனசதுரப் பெட்டி பார்க்க அழகு, கேட்க அல்ல.

12 மி.மீ. பலகையில் ஒரு ஜோடிக்கான வெட்டு:

முன், பின்: 124 × 184 மி.மீ., 4 துண்டு
பக்கம்: 130 × 184 மி.மீ., 4 துண்டு
மேல், கீழ்: 100 × 130 மி.மீ., 4 துண்டு

மேல், கீழ்ப் பலகைகள் பக்கப் பலகைகளுக்கு நடுவே உட்காரும், முன்னும் பின்னும் எல்லாவற்றையும் மூடும். 2 அடிக்கு 2 அடித் துண்டில், வாள் தின்னும் 4 மி.மீ.யையும் சேர்த்து, அத்தனையும் அடங்கும். பிளைவுட் கடையிலேயே பேனல் சாவில் வெட்டி வாங்கிவிடுங்கள். ஆசாரியிடம் கொடுத்தால் நூல் கணக்கில் சொல்லாமல் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்கும் மேல். அலமாரிக்கு ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் தெரியாது, இந்தப் பெட்டியில் அது காற்றுக் கசிவு.

எந்தப் பலகை என்பதில் சேலமும் ஏற்காடும் ஒன்றல்ல. சேலத்தில் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) நன்றாகவே நிற்கும். ஏற்காட்டில் மாதக்கணக்கில் பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து போகும். சாதாரண எம்.டி.எஃப்.பின் வெட்டு விளிம்பு அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், உப்பியது திரும்பச் சுருங்காது. மலைக்கு எச்.டி.எச்.எம்.ஆர். என்னும் ஈரம் தாங்கும் அடர்த்தியான பலகை, இல்லையென்றால் நீர் தாங்கும் பிளைவுட். எம்.டி.எஃப்.தான் கையில் இருக்கிறது என்றால், விளிம்புகளில் வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்து இரண்டு பூச்சு பூசி, காய்ந்ததும் தேய்த்து, உள்ளும் புறமும் சீலர் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிப் பலகை வளையும்.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும். ரேகை உண்மையிலேயே அழகு. ஆனால் சரியாகப் பதமாகாத மரத்தை மலையில் அறுத்து, சேலத்துச் சித்திரை வெயிலுக்குக் கொண்டு வந்தால் வெடிக்கும். முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தகடாக வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை அதில் கட்டாதீர்கள்.

முன்பலகைத் துளையைப் பெட்டியை ஒட்டுவதற்கு முன்பே போட வேண்டும். 3 அங்குல டிரைவர்களின் துளை அளவு ஆளுக்கு ஒன்று, 70 முதல் 78 மி.மீ. வரை வரும். டிரைவர் கைக்கு வந்து, அளந்த பிறகுதான் ஹோல் சா வாங்க வேண்டும். துளையின் உள்விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்துத் தேயுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சின்ன டிரைவரின் கூடைக்கும் (கோனைத் தாங்கும் சட்டம்) 12 மி.மீ. கனமான பலகைக்கும் நடுவே ஒரு குட்டிச் சுரங்கம் உருவாகி, கோனின் பின்பக்கக் காற்று அதில் முட்டித் திரும்பும். மத்தியச் சுரங்களில் பாடகர் கையை வாயருகே குவித்துப் பாடுவதுபோல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். திருகு பிடிக்கும் இடங்களை மட்டும் முழுக் கனத்தோடு விடுங்கள்.

ஒட்டும்போது பசை கோடுபோல் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம் கசியும் இடம். கிளாம்ப் இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றுங்கள், எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் வரும். இறுக்குவதற்கு முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமமா என்று பாருங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். கம்பி இணைக்கும் பிளாஸ்டிக் டெர்மினல் கிண்ணங்கள் எனக்குப் பிடிக்காது, பாதிக்கு மேல் கசியும். பின்பலகையில் இரண்டு பித்தளை போல்ட், வாஷரோடு, பசை தடவி முறுக்கினால் முடிந்தது. இரும்புத் திருகு மலையில் துருவேறும்.

டிரைவருக்கு அடியில் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வளையம் வெட்டிப் போடுங்கள். பொருத்தியபின் கசிவுச் சோதனை: 50 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை மூட்டுகள் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். மின்விசிறி நின்றிருக்க வேண்டும். புகை நேராக எழும்பாமல் துடிக்கும் இடத்தில் ஓட்டை. கோன் பக்கம் நெருப்பைக் கொண்டு போகாதீர்கள், காகிதம்.

உள்ளே நிரப்ப, தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு ஒரு பெட்டிக்கு 20 கிராம். கையால் நன்றாகக் கோதி, உதிரியாக, பின்சுவர் பக்கம் கூடுதலாக. திணித்தால் காற்றுக்கு இடமில்லாமல் பெட்டி சின்னதாகிவிட்டது போல் நடந்துகொள்ளும். இலவம்பஞ்சு வேலை செய்யும், ஆனால் நாளடைவில் அடியில் அமுங்கும், அதன் பொடி இழை காந்த இடுக்கில் புகுந்தால் வாய்ஸ் காயில் உரசும். போடுவதென்றால் மெல்லிய துணிப் பையில் கட்டிப் போடுங்கள். தறிப்பட்டறைக் கழிவு நூல் சும்மா கிடைக்கிறதே என்று எண்ணெய்ப் பிசுக்கோடு போட வேண்டாம்.

திருத்தச் சுற்று

இது இல்லாமல் கட்டிய ஃபுல்-ரேஞ்ச் பெட்டிகளால்தான் 'சின்ன ஸ்பீக்கர் கீச்சென்று இருக்கும்' என்ற பேர் வந்தது. காரணம் டிரைவர் இல்லை, பலகையின் அகலம். உயர்சுரங்களுக்கு முன்பலகை ஒரு சுவர், ஓசை முழுவதும் முன்னால் வரும். தாழ்சுர அலை பலகையைவிடப் பெரிது, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். வித்தியாசம் 6 டெசிபெல் வரை. இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி தோராயமாக 115ஐ மீட்டர் கணக்கிலான பலகை அகலத்தால் வகுத்தால் வரும்: 115 ÷ 0.124 = 927 ஹெர்ட்ஸ்.

திருத்தம் எளிது. ஒரு காயிலையும் (கம்பிச் சுருள்) ஒரு ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் இணைத்து, அந்த ஜோடியை டிரைவரின் பிளஸ் கம்பியில் தொடராகப் போடுவது. தாழ்சுரம் காயில் வழியே தடையின்றிப் போகும், உயர்சுரம் ரெசிஸ்டர் வழியே போய்த் தணியும். 8 ஓம் டிரைவருக்கு 4.7 ஓம் ரெசிஸ்டர் 4 டெசிபெல் தணிக்கும். பெட்டி சுவரை ஒட்டி இருக்குமென்றால் சுவரே தாழ்சுரத்துக்குக் கை கொடுக்கும், அப்போது 3.3 ஓம், அதாவது 3 டெசிபெல் போதும். முழு 6 டெசிபெல் திருத்தம் மேசையில் மந்தமாகவே கேட்கும். காயில் மதிப்பு மில்லி ஹென்றியில், ரெசிஸ்டர் மதிப்பை 0.16ஆல் பெருக்கி, கிலோ ஹெர்ட்ஸ் கணக்கிலான அலைவெண்ணால் வகுத்தால்: 4.7 × 0.16 ÷ 0.927 = 0.81. 3.3 ஓமுக்கு 0.57.

0.8 மில்லி ஹென்றி காயிலை நீங்களே சுற்றலாம். விசைத்தறி மோட்டார்களும் கிணற்று மோட்டார்களும் ஓடும் ஊர் இது, ரீவைண்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. எனாமல் காப்பர் கம்பி எடைபோட்டுத் தருவார்கள். 21 கேஜ், அதாவது 0.8 மி.மீ., காயிலுக்கு 100 கிராம் கேளுங்கள். உண்மையில் செலவாவது 80 கிராம்போல, 18 மீட்டர் சொச்சம். 24 மி.மீ. விட்டமுள்ள உருளையில் இரண்டு தட்டு வைத்து, நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டு, 162 சுற்று. வரிசைக்கு 13 சுற்று என்று அடுக்கினால் வெளி விட்டம் 48 மி.மீ. அருகே முடியும். இந்த விகிதத்தில் சுற்றும்போது கம்பி மிகக் குறைவாகச் செலவாகும், தடையும் 0.63 ஓமில் நிற்கும். ஒழுங்கில்லாமல் குவித்துச் சுற்றினால் மதிப்பு சில சதவீதம் தவறும், காதுக்குத் தெரியாது. உருளைக்கு இரும்புக் குழாய் கூடாது, பி.வி.சி. அல்லது மரம். சுற்றியபின் இரண்டு இடத்தில் நைலான் டையால் கட்டி வார்னிஷ் தடவுங்கள். கம்பியின் எனாமலை முனையில் நன்றாகச் சுரண்டாமல் வைத்த ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், மின்சாரம் போகாது.

ரெசிஸ்டர் 10 வாட் சிமென்ட் வகை. சத்தமாக ஓடும்போது சுடும். ஹாட் க்ளூவில் ஒட்டினால் இளகி விழும், பஞ்சில் படும்படி வைக்கவும் கூடாது. பின்பலகையில் சின்ன மரத்துண்டின்மேல் திருகிக் கட்டுங்கள். காயிலை டிரைவரின் காந்தத்திலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

இணைப்பு முடிந்ததும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ் பிளஸில் பட்டால் கோன் முன்னால் நகர வேண்டும், இரண்டு பெட்டியிலும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பாடகர் குரல் நடுவில் நிற்காது, தாழ்சுரம் மாயமாகும்.

துளை வைத்த பெட்டி பற்றிச் சுருக்கமாக

கியூ.டி.எஸ். 0.4 அருகே உள்ள டிரைவர் என்றால் காற்றுத்துளை வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்கும். 4 லிட்டர் பெட்டி, 40 மி.மீ. பி.வி.சி. குழாய், உள்விட்டம் 36 மி.மீ., நீளம் 13 செ.மீ. என்றால் 70 ஹெர்ட்ஸுக்கு ஒத்துவரும். குழாயின் உள்முனைக்கும் பலகைக்கும் நடுவே குழாய் விட்டமளவாவது இடைவெளி வேண்டும். 70க்குக் கீழே டிரைவரைக் காற்று பிடித்து நிறுத்தாது, கோன் கட்டுப்பாடின்றி ஆடும், அதனால் அதற்குக் கீழ் உள்ளதை மென்பொருளில் வெட்ட வேண்டும். இன்னொன்று, நம் பக்கத்துக் குளவிக்கு இந்தக் குழாயைவிட நல்ல வீடு கிடைக்காது. கொஞ்ச நாள் ஓடாத பெட்டியில் மண் கூடு கட்டிவிடும். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு வைத்தே பொருத்துங்கள்.

ஆம்ப்ளிஃபயர்

டி.பி.ஏ. 3116 சிப் வைத்த போர்டு, பழைய லேப்டாப்பின் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டர். சிப் 4.5 முதல் 26 வோல்ட் வரை தாங்கும். இதில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிருள்ளவை, மைனஸ் என்பது தரை (கிரவுண்ட்) அல்ல. இரண்டு பெட்டியின் மைனஸ் கம்பிகளையும் சேர்த்துக் கட்டினாலோ தரையோடு தொட்டாலோ போர்டு போய்விடும். ஒரே தகடு, ஒரே மூன்று துளை ஜாக் என்று சிக்கனம் பார்த்தவர்கள் போர்டை இழப்பது இங்கேதான்.

மேசைக் கேட்பில் பெரிய தொந்தரவு இரைச்சல். பாட்டு ஓடாதபோது 'ஸ்ஸ்' என்று கேட்கும். ஹாலில் 3 மீட்டர் தள்ளி இது தெரியாது, 70 செ.மீ.யில் தெரியும். பல போர்டுகள் தேவைக்கு மேல் பெருக்கம் வைத்து வருகின்றன. இந்தச் சிப்பில் 20, 26, 32, 36 டெசிபெல் என்று நான்கு படி உண்டு, இரண்டு ரெசிஸ்டர்கள் அதைத் தீர்மானிக்கும், அட்டவணை சிப்பின் தகவல் தாளில் இருக்கிறது. 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு. கணினி தரும் 1 வோல்ட் 10 வோல்ட்டாகி 8 ஓமில் 12.5 வாட். நம் 4 வாட்டுக்கு இதுவே மிச்சம்.

புளூடூத் மாட்யூலை அதே அடாப்டரிலிருந்து ஓட்டினால் 'கீ...' என்ற ஊளை வரும். மாட்யூலின் தரை வழியே டிஜிட்டல் மின்னோட்டம் ஒலிக் கம்பியின் தரையில் கலப்பதால் அது. தனிமைப்படுத்தும் சின்ன டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் போடுங்கள், அல்லது மாட்யூலுக்குத் தனி மொபைல் சார்ஜர். கணினியோடு இணைத்ததும் ஹம் வந்து, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் அது தரைச் சுழல், அதாவது இரண்டு தரை வழிகளுக்கு இடையே மின்சாரம் சுற்றுவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள், போகாவிட்டால் ஒலிக்கம்பியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுவது தீர்வல்ல. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முரமுரப்பு வருகிறது என்றால் உங்கள் பெட்டியில் குறை தேடாதீர்கள்.

எங்கே வைப்பது

மேசைப் பலகை ஒரு கண்ணாடி மாதிரி. டிரைவர் மேசையிலிருந்து 10 செ.மீ. உயரம், காது 40 செ.மீ. உயரம், இடையில் 70 செ.மீ. என்றால் நேராக வரும் ஓசை 76 செ.மீ. பயணிக்கிறது, மேசையில் பட்டு வருவது 86. இந்த 10 செ.மீ. வித்தியாசம் 1,700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் வெட்டும், குரலின் தெளிவு இருக்கும் இடம் அது. ஓசை மேசையில் படும் புள்ளி பெட்டிக்கு 14 செ.மீ. முன்னால். பெட்டியை மேசை விளிம்புக்கு அதைவிட நெருக்கமாக இழுத்தால், பட்டுத் திரும்ப அங்கே பலகையே இருக்காது. கீபோர்டை இழுப்பறைத் தட்டில் வைப்பவர்களுக்கு இது எளிது. முடியாதவர்கள் பெட்டியின் முன்பக்கத்தை 10, 15 டிகிரி நிமிர்த்திக் காதை நோக்க வையுங்கள், உயர்சுரமாவது சீராகும்.

பின்சுவரிலிருந்து டிரைவர் 30 செ.மீ. தள்ளி இருந்தால் 287 ஹெர்ட்ஸில் சுவரிலிருந்து திரும்பும் ஓசை எதிர்த்து அழிக்கும். 344ஐ நான்கு மடங்கு தூரத்தால், மீட்டரில், வகுத்தால் இந்த எண். மூடிய பெட்டியைச் சுவரோடு ஒட்டியே வைக்கலாம், அப்போது இது மேலே நகர்ந்து லேசாகும். இரண்டு யோசனையும் ஒரே மேசையில் முரண்பட்டால் நான் விளிம்பைத்தான் தேர்ந்தெடுப்பேன், குரல் முக்கியம்.

சேலத்தில் கட்டி ஏற்காட்டுக்குக் கொண்டு போனால் மாறுமா என்றால், கொஞ்சம் மாறும். சேலம் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, பெட்டிக்குள் இருக்கும் காற்றின் விறைப்பும் அவ்வளவு குறையும், கியூ சற்றுத் தாழும். ஒலி வேகம் அழுத்தத்தைச் சார்ந்ததல்ல, வெப்பத்தைச் சார்ந்தது: 35 டிகிரியில் நொடிக்கு 352 மீட்டர், 20 டிகிரியில் 343. துளைப் பெட்டியின் 70 ஹெர்ட்ஸ் மேலே 68 ஆகும். சத்தமும் ஒரு டெசிபெல்லுக்குள் குறையும். இதற்காகப் பெட்டியை மாற்றிக் கட்ட வேண்டியதில்லை, ஈரத்துக்கு மட்டும் பயப்படுங்கள்.

ஓடவிட்ட பிறகு

முதலில் தம்பூரா மட்டும். ஒரே சுரம் நீண்டு நிற்பதால் தளர்ந்த திருகு, உரசும் கம்பி எல்லாம் அதில் வெளிப்படும். அடுத்து ஆண் குரலில் பேச்சு. மார்பு கனத்துக் கேட்டால் பெட்டிக் கியூ அதிகம், இன்னும் 5 கிராம் பஞ்சு. மூக்கால் பேசினால் திருத்தச் சுற்றின் ரெசிஸ்டரை ஒரு படி மாற்றுங்கள். அப்புறம் மிருதங்கத்தின் இடந்தலை. கும்கி (தோலை அழுத்தி எழுப்பும் வளைந்த தாழ் ஓசை) வழுக்கிக்கொண்டு போகும்போது ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் ஓங்கி ஒலித்தால், அது மேசையே அதிர்வது. பெட்டிக்கு அடியில் ரப்பர் புஷ் நான்கு வையுங்கள்.

ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸை 3 டெசிபெல் வரை தூக்கலாம். 50க்குக் கீழே தூக்காதீர்கள். ஒரே சத்தத்துக்கு, அலைவெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். இந்த மேசையில் 80 டெசிபெல்லுக்கு 100 ஹெர்ட்ஸில் அரை மி.மீ. நகரும் கோன், 50இல் 2 மி.மீ. கேட்கும். 3 அங்குல டிரைவருக்கு அதோடு எல்லை முடிகிறது.

தாழ்சுரம் இன்னும் வேண்டுமென்றால் அதற்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபர்தான் வழி. ஆனால் இந்தப் பெட்டி 120இல் இறங்குவதால் சப் அதுவரை ஏறி வர வேண்டும், அந்த உயரத்தில் ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். அறை மூலையில் தள்ளாமல், மேசைக்கு அடியில், இரண்டு பெட்டிக்கும் நடுவில், கால் படாத இடத்தில் வையுங்கள். அதற்கு அடாப்டரும் தனியாக இருக்கட்டும்.